பனியில் மட்டும் வரும் கோளாறு

ஜன. 6, செவ்வாய்

மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே லோதி ரோடு இல்லை. குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் இறங்கும்போது தண்ணீருக்குள் இறங்குவது போல. கடைசிப் படி எங்கே என்று காலால் தேடினேன்.

இன்று முதல் தடவையாகத் தனியாக சைட்டுக்கு. வழக்கமாக சைட்டுக்குப் போகும் விக்ரம் வீட்டில் கல்யாணம், வேறு ஆள் இல்லை. இருந்திருந்தால் நான் வழக்கம்போல ஓக்லா ஆபீசில் வாரண்டி தட்டச்சு. கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘சர்வீஸ் இன்ஜினியர் டிரெய்னி’ என்று இருப்பதை யாரும் படித்ததில்லை. நானே கொஞ்ச நாளாகப் படிக்கவில்லை.

எடுத்துப் போனவை: லேப்டாப், கேபிள், மல்டிமீட்டர், டார்ச், அம்மா கட்டித் தந்த புளிசாதம், இரண்டாவது ஸ்வெட்டர்.

இடம் யமுனைக் கரை, மயூர் விஹார் தாண்டி. புதுப் பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். மண் அள்ளும் பெரிய எக்ஸ்கவேட்டர் ஒன்று, நம் கம்பெனி விற்றது. புகார் இதுதான்: காலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் சோர்ந்துபோகிறது. ஆயில் அழுத்தம், டர்போ காற்றழுத்தம், டீசல் அழுத்தம், மூன்றுக்கும் விளக்கு எரிகிறது. மூன்று சென்சாரும் சேர்ந்து ‘எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்கின்றன. உடனே மிஷினின் கம்ப்யூட்டர் பயந்து வேகத்தைக் குறைத்துவிடுகிறது. கண் தெரியாத இடத்தில் சுவரைப் பிடித்து நடப்பது போல அது ஊர்கிறது.

பனியில் பஸ் ஊர்ந்து, நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்துவிட்டது. மிஷின் நன்றாக இருந்தது. எல்லா எண்களும் சரி. புன்னகை செய்தது என்றுகூடச் சொல்லலாம்.

சைட் இன்சார்ஜ் தியாகிஜி. பெரிய மீசை, சின்ன குல்லா. அவருடைய கன்டெய்னர் ஆபீஸ் வாசலில் எலுமிச்சை மிளகாய்ச் சரம், உள்ளே ஊதுபத்தி.

“மிஷினுக்கு ஒண்ணும் இல்ல மேடம். ஓட்டறவனுக்குத்தான் தூக்கம். விடியக்காலையில சென்சார் பிளக்கைப் பிடுங்கி விட்டுட்டு, கேபின்ல கம்பளியைப் போத்திக்கறான். வெயில் வந்ததும் மாட்டிடறான்.”

ஓட்டுபவர் பெயர் ஹரிலால். பலாமு பக்கம். மப்ளருக்குள் பாதி முகம். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தன்னைப் பற்றி இல்லை, வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பது போல.

“சனிக்கிழமை வரைக்கும் டைம். கோளாறு மிஷின்லதான்னு காட்டுங்க. இல்லேன்னா இவன் மூட்டையைக் கட்டட்டும். வேற ஆள் ரெடியா இருக்கான்.”

ஹரிலாலின் மனைவியும் கைக்குழந்தையும் சைட்டிலேயே தகரக் கொட்டகையில். வேலை போனால் அந்தத் தகரமும் போகும்.

(பேசியதெல்லாம் இந்தி. எழுதும்போது கை தானாகத் தமிழாக்கிவிடுகிறது; அண்ணன் என்று கூப்பிடும் ‘பையா’ மட்டும் அப்படியே நிற்கிறது. ஆபீசில் இதை யாராலும் படிக்க முடியாது, அது ஒரு சௌகரியம்.)

கம்ப்யூட்டர் நினைவில் பழைய கோளாறுகளைப் பார்த்தேன். மூன்றும் எப்போதும் ஒரே நொடியில் பதிவாகியிருக்கின்றன. மூன்று பிளக்கும் இன்ஜினின் மூன்று மூலைகளில். ஒரே நொடியில் பிடுங்க ஹரிலாலுக்கு மூன்று கை வேண்டும், அதுவும் நீளமான கைகள்.

இதைத் தியாகிஜியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஹரிலாலிடம் மட்டும் என் நம்பர் கொடுத்தேன். “பையா, விளக்கு எரிஞ்சா ஒரு மிஸ்டு கால் குடுங்க.”

“ஒரு மணி அடிச்சுக் கட் பண்ணிடறேன் மேடம்ஜி.”

திரும்பும்போது பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினேன். கனவில் எனக்கு மூன்று கை.

ஜன. 7, புதன்

பனி. விடியற்காலையில் மிஸ்டு கால். ஒரு மணி, உடனே நின்றது. போர்வைக்குள் இருந்தபடியே அந்த மிஷின் ஆற்றங்கரையில் சோர்ந்து நிற்பது தெரிந்தது. 

ஆபீஸ். வயரிங் படத்தை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள். மெட்ரோ வரைபடம் மாதிரி. கண்ணைச் சுருக்கினால் ஆறுகள்.

மூன்று சென்சாருக்கும் ஐந்து வோல்ட் கொண்டுபோவது ஒரே வயர். வழியில் எங்காவது அது மிஷின் உடம்பைத் தொட்டால் மூன்றும் ஒன்றாகக் குருடாகும். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை போலத்தான். கடைசி வீட்டு ஆன்ட்டி பழைய ஹீட்டரைப் போட்டால் மூன்று வீட்டில் விளக்கு போகும். மூன்று பல்பையும் மாற்றிப் பிரயோசனம் இல்லை. விக்ரம் போன மாதம் ஒரு சென்சாரை மாற்றியிருக்கிறான். அதுவும் ஒரு பல்ப்.

மீட்டிங். குல்தீப் சார், சர்வீஸ் ஹெட்: “மூணும் சேர்ந்து சாகுமா? மூளைதான் போயிருக்கு. கம்ப்யூட்டர் பெட்டியை மாத்தணும். வர்றதுக்கு மூணு வாரம்.”

மூன்று வாரம். சனிக்கிழமை மூன்று நாளில்.

வயரைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் டீ வந்தது. வாயை டீக்குத்தான் திறந்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு வாட்ஸப்பில் அவருக்கு நீளமாக எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். கடைசியில் அனுப்பியது: “சார், பனி இருக்கும்போதே போய்ப் பார்க்கவா?” ஒரு கட்டைவிரல் வந்தது. போதும்.

அம்மா: “இன்னாடி இது, பால்காரன் வர்றதுக்கு முன்னாடி கெளம்பறேன்ற? பொம்பளைப் புள்ள, இந்தக் குளுருல?”

அப்பா இரவுக் காவல் முடிந்து வந்ததும் பஸ் ஸ்டாப் வரை துணை வருவதாக ஏற்பாடு.

ஜன. 8, வியாழன்

அப்பாவும் நானும் பனிக்குள் நடந்தோம். அவர் ஏ.டி.எம். வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தவர். கண் சிவப்பு. அந்த மிஷின் ஒரு தடவைக்கு எவ்வளவு மண் அள்ளும் என்று கேட்டார். சொன்னேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் பாலங்களுக்குத் தலையில் மண் சுமந்தவர்.

“ஒரே வாயிலியா?” என்றார். அவ்வளவுதான்.

பஸ் வந்தது. முதலில் விளக்கு, பிறகு சத்தம், பிறகுதான் பஸ்.

மிஸ்டு கால் வந்தபோது பாதி வழியில் இருந்தேன். ஓடிப்போய் கேபிளை மாட்டினேன். பார்த்துவிட்டேன்! ஐந்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. சில சமயம் இரண்டரை. தூக்கத்தில் மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. வயர்தான். நான் நினைத்ததுதான்.

எங்கே என்று தேடுவதற்குள் சூரியன், மங்கிய ஆரஞ்சு மிட்டாய் மாதிரி, ஆற்றின் மேல் வந்தது. இன்ஜின் அறையின் கதவு வழியே வெளிச்சம் விழுந்தது. மூன்று, மூன்றரை, நான்கு. யாரோ மெதுவாகக் கண் விழிக்கிறார்கள். ஐந்து. அதற்குப் பிறகு எதை அசைத்தாலும் ஐந்துதான்.

இன்ஜின் முதலிலிருந்தே சூடாகத்தான் ஓடியது. அப்படியானால் சூடு இல்லை, ஈரம். எங்கோ ஒன்று ஈரமாக இருக்கும்வரை தொட்டுக்கொண்டிருக்கிறது, காய்ந்ததும் விட்டுவிடுகிறது.

ஹரிலால் டீ கொண்டுவந்தார். அவர் மனைவி போட்டது, இஞ்சி நிறைய.

“வியாதியா மேடம்ஜி, பொய்யா?”

“வியாதிதான் பையா. உங்க பொய் இல்ல.”

மப்ளரை இறக்கிச் சிரித்தார். முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்திருக்கிறது. முதல் தடவையாக முழு முகம்.

ஜன. 9, வெள்ளி

அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கேதான் குளிர் குறைவு.

இன்று விளக்கு எரிவதற்கு முன்பே போய்விட்டேன். பனியில் அந்த மிஷின் தெரியவே இல்லை. நீண்ட கழுத்து மட்டும் மேலே எங்கோ. ஆற்றில் தண்ணீர் குடிக்க வந்து அப்படியே தூங்கிப்போன ஏதோ ஒன்று.

வேலை: ஹரிலால் இன்ஜினை ஓட்டி விட்டு டார்ச் பிடித்தார். லேப்டாப் மண்மூட்டை மேல். கண் திரையில் ஓடும் வோல்ட் கோட்டில், கை வயர் கட்டின் மேல். கறுப்பு உறைக்குள் எல்லா வயரும் ஒன்றாகப் போகின்றன. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போவது. இருட்டில் யாருடைய முதுகெலும்பையோ எண்ணுவது போல. அசை, பார். அசை, பார். கோடு நேராக. நேராக. கதவின் கீல் பக்கம் கை போனதும் கோடு சடாரென்று விழுந்தது.

டார்ச்சை அங்கே காட்டச் சொன்னேன்.

எலுமிச்சை. மிளகாய். காய்ந்து கறுத்தவை, பாதி காய்ந்தவை, போன வாரத்துப் பச்சை. இந்த ஊரில் இதைச் சனிக்கிழமைதோறும் கட்டுவார்கள்; எத்தனை சனிக்கிழமைகளோ! ஒவ்வொரு சரத்திலும் ஒரு இரும்புக் கம்பி. ஒவ்வொரு கம்பியும் கைக்கு எட்டிய முதல் இடத்தில், அதாவது அந்தக் கறுப்பு உறைக்குள், குத்தி முறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கம்பி உறையைத் தாண்டி வயருக்குள். அதன் இன்னொரு முனை மிஷின் உடம்பின் மேல் துருவோடு துருவாக. துரு காய்ந்தால் மின்சாரம் போகாது. பனியில் நனைந்தால் போகும். எலுமிச்சைச் சாறு வேறு.

கண்ணேறு படாமல் இருக்கக் கட்டியது!

கட்டரை எடுத்தேன். ஹரிலால் என் மணிக்கட்டைப் பிடிக்க வந்து, பிடிக்காமல், காற்றிலேயே நிறுத்தினார்.

“வேண்டாம் மேடம்ஜி. அதைத் தொடாதீங்க.”

“பையா, இதாலதான் உங்க வேலையே போகப்போகுது.”

“வேலை போனா வேற வேலை. நஜர், கெட்ட கண்ணு விழுந்தா கை கால் போகும். பழசை யாரும் கழட்ட மாட்டாங்க. கழட்டினவனுக்குத்தான் எல்லாம் வந்து ஒட்டும்.”

“யாரு கட்டறது இதை?”

பனிக்குள் இரண்டு பக்கமும் பார்த்தார். “தியாகிஜி. சனிக்கிழமை சனிக்கிழமை. வெளியே கட்டினா மண்ணு விழுதுன்னு உள்ளே கட்டறார். வேற யாரையும் கட்ட விடமாட்டார்.”

கட்டரைப் பையில் போட்டேன். நானும் பயந்தேன், அதையும் எழுத வேண்டும். ஒவ்வொரு வெள்ளியும் அம்மா உப்பும் மிளகாயும் வைத்துச் சுற்றிப் போடுவதற்கு அசையாமல் நிற்கிறவள்தானே நான். இன்று சாயங்காலமும் நின்றேன். “எவ கண்ணு பட்டுதோ, முகமே வாடிப் பூட்டுது” என்றாள் அம்மா. மிளகாய் அடுப்பில் வெடித்தது.

நாளை சனி. குற்றம் சாட்டுபவரிடமே போய், சார் நீங்கள்தான் என்று சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும். மீட்டிங்கில் வாய் திறந்து டீ குடித்தவள்.

ஜன. 10, சனி

நல்ல பனி. கடவுளே என்று கும்பிட்டேன், நல்ல பனிக்காக.

சைட் வாசலில் சரம் விற்கும் கிழவரிடம் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு தியாகிஜி வந்தார். காதுவரை குல்லா. ஒரு எலுமிச்சை, ஏழு மிளகாய், மேலே பளபளவென்று புதுக் கம்பி. பின்னால் நாலைந்து பேர். ஒருவன் ஓட்டத் தெரிந்தவன் போல மிஷினைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘வேற ஆள்’ அவன்தான் என்று புரிந்தது. ஹரிலால் கேபினில். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் விளக்கு எரியவில்லை.

“என்ன மேடம், கிடைச்சுதா? இல்ல, நான் சொன்னதுதானா?”

மனப்பாடம் செய்து வைத்த வாக்கியம் எல்லாம் போயிற்று. அவர் கையில் சரம் ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது வேறு ஒன்று தானாக வந்தது.

“நீங்க கட்டுங்க சார். நான் ஸ்கிரீனைப் பார்க்கறேன்.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. தோளைக் குலுக்கிவிட்டுக் கதவைத் திறந்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். கீல் பக்கம் கை விட்டு, கம்பியை உறைக்குள் அழுத்தினார்.

கோடு விழுந்தது. இன்ஜின் பெருமூச்சு விட்டு இறங்கியது. கேபினில் சிவப்பாக மூன்று விளக்கு.

மேலேயிருந்து ஹரிலால் இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி உயர்த்தினார். “நான் எதையும் தொடலை சார்! பாருங்க! ரெண்டு கையும் இங்க இருக்கு!”

தியாகிஜி கையை எடுத்தார். கோடு ஏறியது. கம்பியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி அழுத்தினார். விழுந்தது. விட்டார். ஏறியது. பிறகு மிக மெதுவாக, தூங்கும் குழந்தையைத் தொடுவது போல ஒரே விரலால். விழுந்தது.

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

குல்லாவைக் கழற்றி மறுபடி மாட்டினார். மீசையில் பனித்துளி.

“எலி” என்றார் கடைசியில். “எலி கடிச்சிருக்குன்னு எழுதிடுங்க மேடம்.”

எலி என்று எழுதினால் அடுத்த சனிக்கிழமையும் இங்கே ஒரு கம்பி ஏறும். மறுபடி விளக்கு, மறுபடி ஹரிலால்.

“கம்பி சார்” என்றேன்.

இரண்டே வார்த்தை. தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

“யார் கட்டினாங்கன்னும் எழுதுவீங்களோ?”

“ரிப்போர்ட்ல அது கேக்கறதில்ல சார். என்ன கோளாறுன்னுதான் கேப்பாங்க.”

பழைய சரங்களை வெட்ட யாரும் முன்வரவில்லை. நான்தான் வெட்டினேன். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக. காய்ந்த மிளகாய் விதைகள் கையுறையில் ஒட்டின. எனக்கு எதுவும் வந்து ஒட்டியதா தெரியவில்லை. வயரைச் சுத்தம் செய்து, டேப் சுற்றி, உறையை மூடினேன். பழையதைப் பொட்டலமாகக் கட்டி ஹரிலால் ஆற்றுக்கு எடுத்துப்போனார், கை நீட்டி, உடம்பில் படாமல். புதுச் சரம் மிஷினின் கைப்பிடிக் கம்பியில், வெளியே. அதற்குச் சிவப்பு நூல் தேடிக் கொண்டுவந்தது ஹரிலாலின் மனைவி. கட்டியது தியாகிஜி.

ஆனால் போகும்போது சொன்னது: “அடுத்த பனி வரட்டும். விளக்கு எரியலேன்னா இவன் இருக்கட்டும். எரிஞ்சுதுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து மூட்டை கட்டுங்க.”

‘வேற ஆள்’ கிளம்பவில்லை. டீக்கடைப் பக்கம் உட்கார்ந்துகொண்டான்.

மத்தியானம் டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். பஸ் ஸ்டாப்பில் தனியாகச் சிரித்தேன்.

ஜன. 11, ஞாயிறு

வெயில்! ஊரே மொட்டை மாடியில். பஞ்சு ரஜாய்ப் போர்வைகள், ஊறுகாய் ஜாடிகள், பாட்டி தாத்தாக்கள், எல்லாம் காய்கின்றன. என்னைத் தவிர எல்லாருக்கும் சந்தோஷம். காற்று அடித்துப் பனியை எங்கேயோ தள்ளிவிட்டது.

அம்மாவோடு ஐ.என்.ஏ. மார்க்கெட். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், கரும்பு (அரைக் கரும்புதான் பஸ்ஸில் ஏற்ற முடியும்). அம்மா கடைக்காரரிடம்: “பையா, இது கொத்தா? புல்லு மாரி கீது. அச்சா வாலா, நல்லதா குடு.” 

எலுமிச்சை குவியலைப் பார்த்து நின்றுவிட்டேன். 

“இன்னாடி வானத்தையே பாத்துக்கினு வர்ற?”

“நாளைக்குப் பனி இருக்குமாம்மா?”

“இருந்தா உனுக்கு இன்னா, இல்லாட்டி இன்னா?”

ஒரு டேப் சுற்றிய வயர் பனியில் நனைந்து பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. நான் சுற்றிய டேப். ஒழுங்காகச் சுற்றினேனா? உள்ளே இன்னொரு இடத்தில் கம்பி குத்தியிருந்தால்? திரும்பத் திரும்ப மனதுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஜன. 12, திங்கள்

காற்று. தெளிவான வானம். மிஸ்டு கால் வரவில்லை. ஆனால் இதற்கு அர்த்தம் இல்லை, பனி இருந்தால்தானே.

ஆபீசில் விஷயம் பரவிவிட்டது. குல்தீப் சார்: “ஏம்மா செல்வி, இனிமே டூல் பாக்ஸ்ல எலுமிச்சையும் வைக்கணுமா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும். பிறகு அவர் மெதுவாக, “மூணு கோளாறும் ஒரே நொடியில பதிவானதை முன்னாடியே பார்த்திருந்தியா? அப்ப புதன்கிழமை மீட்டிங்லயே உனக்குத் தெரியுமா?” என்றார்.

தலையாட்டினேன்.

“அடுத்த தடவை டீயை மறுத்துடு.”

கவனித்திருக்கிறார்.

ஜன. 13, செவ்வாய்

லோஹ்ரி, வடக்கத்திப் போகி மாதிரி. பார்க்கில் தீ மூட்டினார்கள். கடலை, எள், பாப்கார்ன். புகை மேலே போகாமல் தலைக்கு மேலேயே நின்றது. காற்று நின்றுவிட்டது! அப்பா மூக்கை உறிஞ்சிப் பார்த்து, “நாளிக்குப் பனியில ஒண்ணும் தெரியாது பாரு” என்றார்.

போனை முழுதாக சார்ஜ் செய்தேன்.

ஜன. 14, புதன். போகி

ஜன்னலைத் திறந்தேன். எதுவும் இல்லை. எதிர் பிளாக் இல்லை, வேப்பமரம் இல்லை, என் நீட்டிய கை மணிக்கட்டோடு முடிந்தது. வெள்ளை.

போன் மடியில். இந்நேரம் இன்ஜினை ஓட்டியிருப்பார். இந்நேரம் முதல் வாய் மண். மிஸ்டு கால் இல்லை. நல்லது. கால் இல்லை. ஒருவேளை அவரே இல்லையோ? கேபினில் ‘வேற ஆள்’ உட்கார்ந்திருந்தால்? அவனிடம் என் நம்பர் கிடையாது. மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அம்மா பழைய பாயை எரிக்கக் கீழே எடுத்துப் போகிறாள். படியில் அவள் இருமல் மட்டும் இறங்குகிறது.

போன்.

ஹரிலால். ஒரு மணி. கட் ஆகவில்லை. இரண்டாவது மணி. மூன்றாவது. நிற்கவே இல்லை. எடுத்தேன்.

அவர் எதுவும் பேசவில்லை. போனை ஜன்னலுக்கு வெளியே பிடித்திருக்கிறார் போல. இன்ஜின். முழு வேகத்தில், அடைக்காமல், இறங்காமல். இடையில் மண் விழும் சத்தம். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அம்மா வாசலில் வந்து நின்றாள். “யாருடி காலங்காத்தால போன்ல?”

“மிஷின்மா.”